ஆறாம் மாதம்: பீரோ நிறைய துணி, போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை

மருதாணிக்கை (மதுரை)
ஏப்ரல் 9, இரவு 10.40

வணக்கம் தோழிகளே. எனக்கு இது தலைப்பிள்ளை, 24 வாரம் முடிந்திருக்கிறது. இரண்டு வருடம் காத்திருந்து உண்டான குழந்தை. அதனால் இதை எழுதவே தயக்கமாக இருக்கிறது.

தனியார் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். புடவைதான் கட்ட வேண்டும். இன்று காலை ஒன்பது பிளவுஸ் போட்டுப் பார்த்தேன். அதில் இரண்டு, முழங்கைக்கு மேல் ஏறவே இல்லை. ஒன்றில் ஹூக்கை மாட்டினால் மூச்சு விட முடியவில்லை. கல்யாணத்துக்குத் தைத்த மாம்பழ மஞ்சள் பட்டு பிளவுஸும் அந்தக் குவியலில் கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கடைசியில் அம்மாவுடைய பழைய பிளவுஸ் ஒன்றைப் போட்டு, தோளில் இரண்டு ஊக்கு குத்திக்கொண்டு ஓடினேன்.

ஆசிரியர் அறையில் கால் வைத்ததும், "என்ன டீச்சர், ரெட்டைப் பிள்ளையா?" என்று கேட்டார்கள். இன்னொருவர், "கழுத்து இப்படிக் கறுத்துப்போச்சே, அப்போ பையன்தான்" என்றார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அன்றைக்குக் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போதெல்லாம், பிள்ளைகள் என் முதுகைத்தான் பார்க்கிறார்களோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

உண்டாகும்போது 52 கிலோ. இப்போது 58.5. வயிற்றுக்குள் அசைவு தெரியும்போது அப்படி ஒரு சந்தோஷம். ஆனால் அதே வயிற்றைக் குளியலறைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. இதை வாய்விட்டுச் சொன்னால் உள்ளே இருக்கும் பிள்ளைக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

நீங்களெல்லாம் என்ன உடுத்தினீர்கள்? மதுரை வெயிலில் புடவையை எப்படிக் கட்டினீர்கள்? இந்த மனசுக்கு என்ன செய்தீர்கள்?

கொடிமுல்லை (திருச்சி)
ஏப்ரல் 9, இரவு 11.15

தங்கச்சி, முதலில் ஒன்று. பிள்ளைக்கு உன் குரல் கேட்டாலும் அர்த்தமெல்லாம் புரியாதும்மா. நீ நிம்மதியாகத் தூங்கு.

எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு தடவையும் வங்கி வேலை, புடவைதான். நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். புடவையை விடப் பாவாடை நாடாதான் பெரிய எதிரி. தொப்புளுக்கு நேராக இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆறு மணி நேரம் நின்றால், நெஞ்செரிச்சலும் வரும், இடுப்பில் சிவப்பாகப் பள்ளமும் விழும். நாடாவை உருவிவிட்டு ஒன்றரை அங்குல அகல எலாஸ்டிக் போடு. முன்பக்கம் வயிற்றுக்குக் கீழே இறங்கி, பின்பக்கம் இடுப்பில் நிற்கிற மாதிரி கட்டு. வயிறு அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம், சுற்று பெரிதாகும்போது கொசுவத்துக்குத் துணி குறையும். ஏழு மடிப்பு வைத்தவளுக்கு நான்கு மடிப்புதான் வரும். அது தப்பில்லை, நடக்கச் சுலபம். முன்பக்கம் வயிறு புடவையைத் தூக்குவதால் பலர் கீழே இழுத்துவிடுவார்கள், அப்படிச் செய்யாதே. மாடிப்படி ஏறும்போது கொசுவம் காலில் மிதிபட்டால் ஆபத்து. கணுக்கால் தெரிந்தால் தெரியட்டும்.

மதுரையிலேயே இருக்கிறாய், சுங்குடிப் புடவைதான் உனக்கு. துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். கஞ்சி மட்டும் போடாதே.

ஊருணி (சிவகங்கை)
ஏப்ரல் 10, காலை 6.05

என் காலத்தில் ஏது இந்தப் பேச்செல்லாம். மெல்லிய வாயில் துணிப் புடவை கட்டிக்கொண்டு ஒன்பதாம் மாதம் வரை வயலுக்குப் போனேன். முந்தானையை முன்னால் இழுத்துச் செருகிவிட்டால் வயிறு யார் கண்ணிலும் படாது. இப்போது பிள்ளைகள் இறுக்கமான பனியன் துணியில் வயிறு தெரிய நிற்கிறதைப் பார்த்தால், கண்ணுபட்டுவிடுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதேம்மா, பெரியவள் சொல்கிறேன்.

திருப்பூர்ப்பஞ்சு (திருப்பூர்)
ஏப்ரல் 10, காலை 9.30

ஊருணி அம்மா, நீங்கள் அக்கறையில் சொல்வது புரிகிறது. ஆனால் மறைத்து மறைத்து வைப்பதாலேயே அது ஏதோ வெட்கப்பட வேண்டிய விஷயம் போல ஆகிவிடுகிறது. என் ஐந்தாம் மாதத்தில் தொளதொள என்று பெரிய சைஸ் குர்த்தி போட்டு மறைத்துக்கொண்டு திரிந்தேன். தோள் இறங்கி, கழுத்து விரிந்து, மூட்டை கட்டிய மாதிரி இருந்தது. பிறகு வயிற்றோடு ஒட்டுகிற பின்னலாடை போட்ட அன்றுதான் முதல்முறையாக என்னைப் பார்த்து, "ஓ, பிள்ளைத்தாய்ச்சி!" என்று எனக்கே தோன்றியது. பெரிய சைஸ் துணியும் கர்ப்பத்துக்கான துணியும் ஒன்றில்லை தோழி. பெரிய சைஸ் எல்லாப் பக்கமும் பெரிதாகும். உனக்குத் தேவை தோளில் பழைய அளவு, நெஞ்சிலும் வயிற்றிலும் மட்டும் இடம், முன்பக்கம் பின்பக்கத்தைவிட மூன்று நான்கு அங்குலம் கூடுதல் நீளம். இல்லாவிட்டால் வயிறு தூக்கி முன்பக்கம் குட்டையாகத் தெரியும்.

நான் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் மெர்சண்டைசர், ஆர்டர்களைக் கவனிக்கிற வேலை. துணி வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி (மெல்லிய பனியன் துணி), 160 முதல் 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). வெயிலுக்கு இதற்கு மேல் கனம் வேண்டாம். வயிற்றைச் சுற்றி வருகிற பட்டை மட்டும் ரிப் துணியாக (கோடு கோடாகப் பின்னியது) இருக்கட்டும். ரிப் அகலவாக்கில் நன்றாக விரியும், மறுபடி சுருங்கும், பிடிக்காது. லெக்கிங்ஸ் வாங்கினால் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் இழுத்து விட்டுப் பாருங்கள். அலையலையாக நின்றால் வேண்டாம். ரேயான் தொட்டால் குளுமை, ஆனால் முதல் துவைப்பிலேயே சுருங்கும், ஒரு சைஸ் கூட்டி வாங்குங்கள். பாலியஸ்டர் இந்த வெயிலில் வேண்டவே வேண்டாம்.

திருப்பூர் பக்கம் யாராவது வந்தால் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய கர்ப்பகால உடைகள் சில சமயம் கிடைக்கும். வெளிநாட்டு அளவு, நீளமாக இருக்கும். கீழே மடித்துத் தைத்தால் போதும்.

சிக்கனம் (சேலம்)
ஏப்ரல் 10, காலை 11.00

நான்கு மாதத்துக்காக எதற்கு இவ்வளவு? நைட்டி நான்கு, வீட்டுக்காரர் சட்டை இரண்டு. என் பிரசவம் அதிலேயே முடிந்தது. மிச்சப் பணத்தைப் பிள்ளைக்கு வைக்கலாம்.

திருப்பூர்ப்பஞ்சு (திருப்பூர்)
ஏப்ரல் 10, காலை 11.20

சிக்கனம் அக்கா, வீட்டிலேயே இருந்தால் நைட்டி போதும், நானும் அப்படித்தான். ஆனால் இவர் வகுப்பில் நிற்க வேண்டும். அதோடு நான்கு மாதத்தோடு முடிவதில்லை. பிரசவமான மறுநாளே வயிறு பழையபடி ஆகாது. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் ஆகும். முன்பக்கம் திறக்கிற மாதிரி வாங்கினால் பால் கொடுக்கும் ஒரு வருடமும் அதே துணிதான்.

வார்டு எண் 4 (கோவை)
ஏப்ரல் 10, மதியம் 2.45

நான் பிரசவ வார்டில் செவிலியராக 14 வருடம் இருக்கிறேன். மருதாணிக்கை, உன் கணக்கை உனக்கே போட்டுக் காட்டுகிறேன், கணக்கு டீச்சர் ஆயிற்றே.

6.5 கிலோ கூடியது என்கிறாய். இந்த மாதத்துக்கு அது சரியான கணக்குதான். சரியான எடையில் ஆரம்பித்தவர்களுக்கு மொத்தம் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம் என்று அமெரிக்காவில் 2009-இல் வகுத்தார்கள். நம் ஊரில் பெரும்பாலும் 10 முதல் 12 என்று சொல்வோம். இதில் கொழுப்பு ஒரு பங்குதான். நிறைமாதத்தில் பிள்ளை மூன்று கிலோ, நஞ்சுக்கொடி அரை கிலோவுக்கு மேல், பனிக்குட நீர் முக்கால் லிட்டருக்கு மேல். வெறும் 70 கிராம் இருந்த கர்ப்பப்பை ஒரு கிலோ ஆகும். ரத்தம் மட்டும் ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் கூடும்.

இன்னொன்று, இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை. பிளவுஸ் சேராததற்கு மார்பு பெரிதாவது மட்டும் காரணமில்லை. விலா எலும்புக்கூடே விரிகிறது. மேலே எழும்பி வருகிற கர்ப்பப்பைக்கு இடம் விட்டு, மூச்சுக்கும் இடம் வைக்க, நெஞ்சுச் சுற்றளவு 5 முதல் 7 செ.மீ. வரை கூடும். எலும்பு அகலும்போது துணி எப்படிச் சேரும்? ஹூக்கை மாட்டி மூச்சு முட்டினாயே, அது உன் தப்பே இல்லை.

கழுத்துக் கறுப்பு ஹார்மோன் செய்கிற வேலை. அக்குள், தொடை இடுக்கு, மார்புக் காம்பு, தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு, சிலருக்குக் கன்னத்தில் மங்கு. பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் வெளிறிவிடும். ஆணா பெண்ணா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. எலுமிச்சை, சோடா உப்பு என்று எதையும் போட்டுத் தேய்க்காதே, புண்ணாகிவிடும். வயிற்றில் விழும் வரிகள் முழுக்கப் போகாது, ஆனால் சிவப்பு மாறி வெள்ளிக் கோடாக மங்கும். எண்ணெய் தடவினால் அரிப்பு அடங்கும். வரியே விழாது என்று விற்கும் கிரீம்களுக்குக் காசு கொட்டாதே.

உள்ளாடை காட்டனாக இருக்கட்டும். இந்தச் சமயத்தில் பூஞ்சைத் தொற்று சுலபமாக வரும். கம்பி வைத்த பிரா வேண்டாம் என்பது என் அனுபவம், அழுத்துகிற இடத்தில் வலிக்கும். பின்பக்கம் ஹூக் நீட்டிக்கும் துண்டு ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும், பழைய பிராவிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். சாயங்காலம் கால் வீங்குவது சகஜம். ஆனால் முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ, மேல் வயிற்றில் வலியோ இருந்தால் அது செருப்பு மாற்றுகிற விஷயமில்லை. அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

வெண்தாமரை (நாகர்கோவில்)
ஏப்ரல் 10, இரவு 8.10

எனக்கு முதல் தடவை நான்காம் மாதத்தில் தங்கவில்லை. அப்போது ஆசையாக வாங்கிய இரண்டு உடைகள் டேக் கூடப் பிரிக்காமல் பீரோவின் மேல்தட்டில் இருந்தன. இரண்டாவது தடவை ஆறாம் மாதம் வரைக்கும் எதுவும் வாங்கவில்லை. வாங்கினால் ஏதாவது ஆகிவிடும் என்று பயம். பழைய சுடிதார் பேண்ட்டை ரப்பர் பேண்டால் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். உடம்பு பெரிதாவது எனக்கு அழகில்லாததாகத் தெரியவில்லை, ஆனால் அதை நம்பப் பயமாக இருந்தது. ஒரு நாள் என் அக்கா கேட்காமலே மேல்தட்டிலிருந்து அந்த உடைகளை எடுத்து, துவைத்து, மடித்து என் தலையணைப் பக்கம் வைத்துவிட்டுப் போனாள். அந்த நீலக் குர்த்தியைத்தான் ஸ்கேனுக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

மகனுக்கு இப்போது மூன்று வயது. மருதாணிக்கை, இரண்டு வருடம் காத்திருந்தவள் என்று எழுதியிருந்தாய், அதனால்தான் இதைச் சொன்னேன். காத்திருந்தவர்களுக்கு அழுகை வரக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

மருதாணிக்கை (மதுரை)
ஏப்ரல் 10, இரவு 10.20

வெண்தாமரை அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரவில்லை. உங்கள் மகனுக்கு என் முத்தங்கள்.

வார்டு அக்கா, விலா எலும்பு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. டேப் எடுத்து அளந்தேன். மார்புக்குக் கீழே 71 செ.மீ. இருந்தது, இப்போது 75. இதை என் கணவரிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொரு சந்தேகம். மெட்டி இறுகுகிறது. கழற்றக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். என்ன செய்வது?

கொடிமுல்லை (திருச்சி)
ஏப்ரல் 10, இரவு 10.50

ஒரு அளவு பெரிதாக, திறந்த வாய் வைத்த மெட்டி வாங்கிக்கொள், விரலுக்கு ஏற்ப நெகிழ்த்திக்கொள்ளலாம். மாமியாரையே கூட்டிக்கொண்டு போய் வாங்கு, அவருக்கும் மனத்தாங்கல் இருக்காது. மோதிரத்தை இப்போதே கழற்றி வைத்துவிடு. எனக்கு எட்டாம் மாதத்தில் நூல் சுற்றி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

முதல்தடவை அப்பா (சென்னை)
ஏப்ரல் 11, காலை 7.30

ஆண் என்பதால் எழுதலாமா என்று யோசித்தேன். என் மனைவிக்கு ஏழாம் மாதம். "நீ அழகாகத்தான் இருக்கிறாய்" என்றால், "பொய் சொல்லாதீர்கள்" என்று கோபம் வருகிறது. சும்மா இருந்தால், "என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லையா" என்று அழுகிறாள். நான் உண்மையாகத்தான் சொல்கிறேன். எப்படிச் சொன்னால் அவளுக்குப் போய்ச் சேரும்?

கொடிமுல்லை (திருச்சி)
ஏப்ரல் 11, காலை 8.15

தம்பி, கேட்டதற்கே சந்தோஷம். சொல்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, கவனிப்பதைக் கூட்டுங்கள். அவள் செருப்பு கடிக்கிறதா என்று பாருங்கள், அரை அளவு பெரிதாக ஒன்று வாங்கி வாருங்கள். துணிக்கடைக்குக் கூடப் போய், டிரையல் ரூம் வாசலில் அவசரப்படுத்தாமல் நில்லுங்கள். எல்லாரும் வயிற்றைத்தான் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் அவள் சிரிக்கும்போது முகத்தை எடுங்கள். முக்கியமாக, உங்கள் வீட்டில் யாராவது அவள் உடம்பைப் பற்றிப் பேசினால், அவள் பதில் சொல்ல வேண்டியிராமல் நீங்கள் பேச்சை நிறுத்துங்கள். எனக்கு என் கணவர் செய்ததில் இன்றும் மறக்காதது அதுதான்.

சாக்பீஸ் (விழுப்புரம்)
ஏப்ரல் 11, மாலை 5.40

நானும் ஆசிரியைதான், அரசுப் பள்ளி. 2019-இல் அரசு ஊழியர் உடை பற்றி வந்த ஆணையில் பெண்களுக்குப் புடவையோடு சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் எல்லாம் உண்டு. உங்களுடையது தனியார் என்பதால் நிர்வாகம்தான் முடிவெடுக்க வேண்டும். வாய்வார்த்தையாகக் கேட்காமல் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். "மாடிப்படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது, புடவை காலில் தடுக்குகிறது, பிரசவம் வரை சுடிதார் அணிய அனுமதி வேண்டும்" என்று மட்டும் எழுதுங்கள். உடம்பைப் பற்றி விளக்கம் எதுவும் தேவையில்லை. வகுப்பில் உட்கார ஒரு நாற்காலியும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

ஊசிநூல் (கும்பகோணம்)
ஏப்ரல் 12, மதியம் 3.00

22 வருடமாகப் பெண்கள் துணி தைக்கிறேன். மருதாணிக்கை, அந்த ஒன்பது பிளவுஸையும் தூக்கிப் போடாதேம்மா. உள்பக்கம் திருப்பிப் பார். நல்ல டெய்லராக இருந்தால் சைடு தையலில் பக்கத்துக்கு ஒரு அங்குலமாவது துணி விட்டிருப்பார். இரண்டு மூன்று தையல் வரிசை ஓடியிருக்கும். உள் வரிசையைப் பிரித்துவிட்டால் மொத்தச் சுற்றில் இரண்டு முதல் நான்கு அங்குலம் கிடைக்கும். கையிலும் அதே மாதிரி பிரிக்கலாம். பட்டில் பழைய தையல் துளை தெரியும், மற்றதில் ஒரு துவைப்பில் போய்விடும். பிள்ளை பிறந்து ஒரு வருடம் கழித்து வேண்டுமானால் மறுபடி பிடித்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அப்படியே இருக்கட்டும்.

உள்ளே துணியே விடாத பிளவுஸ் என்றால், அக்குளுக்குக் கீழே இரு பக்கமும் அதே நிறத்தில் ஒரு பட்டைத் துண்டு கொடுத்துத் தைக்கலாம். முந்தானையும் கையும் மறைத்துவிடும். அந்த மாம்பழ மஞ்சளுக்குப் புடவையின் உள்முனையிலிருந்து நான்கு விரல்கடை எடுத்தால் நிறம் அச்சாகப் பொருந்தும். கொசுவத்துக்கு உள்ளே போகிற துணி, குறைந்தது தெரியாது.

புதிதாக இரண்டு தைத்துக்கொள். பாப்ளின் வேண்டாம், மெல்லிய காட்டன், லைனிங் இல்லாமல். முன்பக்கம் ஹூக், கடைசி ஹூக்குக்குக் கீழே இடுப்புப் பட்டியை எலாஸ்டிக்கில் வைக்கச் சொல். அக்குள் சுற்றை அரை அங்குலம் தாராளமாக வைக்கச் சொல், கரும்பலகையில் கை தூக்கி எழுதுகிறவளுக்கு அதுதான் முக்கியம். பாவாடை ஆறு பீஸ் (ஆறு துண்டு சேர்த்துத் தைத்தது) வாங்கு, விரிவு கிடைக்கும்.

என் கடைக்கு வருகிற பிள்ளைத்தாய்ச்சிகள் அளவு எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள், வயிறு சின்னதாகத் தெரியட்டும் என்று. நான் டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன். மூச்சை விட்ட பிறகுதான் அளப்பேன். உன் டெய்லரிடமும் மூச்சை விட்டுவிட்டு நில்.

மருதாணிக்கை (மதுரை)
ஏப்ரல் 28, இரவு 9.30

தாமதத்துக்கு மன்னியுங்கள். தேர்வுத் தாள் திருத்துகிற வேலை.

ஒன்பதில் ஐந்தைப் பிரித்துவிட்டேன், நானே உட்கார்ந்து. இரண்டில் துண்டு கொடுத்திருக்கிறது. மிச்ச இரண்டை மடித்து வைத்துவிட்டேன். எலாஸ்டிக் பாவாடை போட்ட முதல் நாளே நெஞ்செரிச்சல் பாதியாகக் குறைந்தது. கடிதத்துக்குப் பதில், ஜூனில் பள்ளி திறக்கும்போது பார்க்கலாம் என்றார்கள். நாற்காலி மறுநாளே வந்துவிட்டது.

கண்ணாடி முன்னால் இன்னும் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நேற்று அப்படி இல்லை. ஒரு கால் உள்ளேயிருந்து உதைத்து, தொப்புளுக்கு வலப்பக்கம் மேடாகத் தெரிந்தது. அது திரும்ப வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

அடுத்த மாதம் 18-ஆம் தேதி வளைகாப்பு. கறுப்புச் சேலை எடுத்திருக்கிறார்கள். ஊசிநூல் அக்கா, அதற்கான பிளவுஸைப் பிறகு பால் கொடுக்கவும் வசதியாக இருக்கிற மாதிரி எப்படித் தைக்கச் சொல்வது? பக்கவாட்டில் ஜிப் வைக்கலாமா?

ஊருணி (சிவகங்கை)
ஏப்ரல் 29, காலை 5.50

கறுப்பில் சிவப்புக் கரையா? நன்றாக இருக்கும்மா. மூடி மறைக்கச் சொன்னது என் பயம்தான், மனதில் வைத்துக்கொள்ளாதே. போட்டோ எடுத்தால் முந்தானையை ஒதுக்கிவிட்டே எடுத்துக்கொள்.

ஊசிநூல் (கும்பகோணம்)
ஏப்ரல் 29, காலை 10.10

ஜிப் வேண்டாம், பிள்ளை கன்னத்தில் உரசும். முன் ஹூக்கே போதும், ஆனால் ஹூக்கைக் கீழிருந்து மேலாகத் திறக்கிற மாதிரி வரச் சொல், கடைசி இரண்டு மட்டும் கழற்றினால் பால் கொடுக்கலாம். உள்ளே துணி இரு பக்கமும் ஒன்றரை அங்குலம் விடச் சொல். அளவு இப்போதே கொடுக்காதே, 12-ஆம் தேதிக்குப் பிறகு கொடு. அதற்குள் இன்னும் ஒரு அங்குலம் கூடியிருக்கும்.